கணக்கெல்லாம் இருக்கு, முடிவு எடுக்கத்தான் வழி தெரியல

இந்தத் தடவை வந்த கடிதம் பாதிக்கு மேல கம்ப்யூட்டர் கணக்கு, ரிப்போர்ட், சாஃப்ட்வேர்னு ஒரே விஷயத்தையே சுத்தி வந்ததால, மத்த கேள்வியை எல்லாம் அடுத்த இதழுக்கு எடுத்து வச்சுட்டு இதையே முழுசா எடுத்துக்கிட்டேன். நம்ம செட்டிநாட்டுப் பக்கம் சின்னச் சின்ன தொழில் பண்றவங்க இப்படி யோசிச்சு எழுதுறதைப் பாக்க மனசுக்கு நிறைவா இருக்கு.

கேள்வி: அண்ணா, நான் காரைக்குடியில எம்.பி.ஏ. முதல் வருஷம் படிக்கிறேன். மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்னு ஒரு பேப்பர். புத்தகத்துல ஒரு முக்கோணத்தைப் போட்டு கீழ ஆபரேஷனல், நடுவுல டாக்டிகல், உச்சியில ஸ்ட்ராட்டஜிக்னு எழுதியிருக்கு. மனப்பாடம் பண்ணிட்டேன், ஆனா நிஜத்துல இது எங்க இருக்குன்னு புரியல.
– மாணவி, காரைக்குடி

மனப்பாடம் பண்ணினதோட நிக்காம கேட்டியே, அதுவே பெரிய விஷயம்மா. உங்க ஊர்லயே ஒரு பலகாரக் கடையை எடுத்துக்கோ, மூணு கிளை இருக்குன்னு வச்சுக்குவோம். கல்லாவுல நிக்கிற பையன் ரெண்டு கிலோ தேன்குழல், ஒரு கிலோ சீப்பு சீடைன்னு பில் போடுறான். அந்த ஒரு பில்லுதான் முக்கோணத்தோட அடி. எந்தச் சரக்கு, எவ்வளவு, என்ன விலை, எந்தக் கிளை, எத்தனை மணிக்கு, எல்லாம் அதுல இருக்கு, தப்பில்லாம இருக்கணும், உடனே பதிவாகணும். இதைத்தான் ட்ரான்ஸாக்‌ஷன் ப்ராசஸிங்னு புத்தகத்துல போட்டிருப்பாங்க.

இந்த மட்டத்துல எடுக்கிற முடிவெல்லாம் விதி போட்டு எழுதிடலாம். எண்ணெய் எப்ப வாங்கணும்ங்கிறதைப் பாரு. ஒரு நாளைக்கு 3 டின் செலவாகுது, ஆர்டர் சொன்னா வந்து சேர 4 நாள் ஆகுது, லாரி லேட்டாச்சுன்னா கைக்கு 6 டின் இருக்கட்டும்னு நினைக்கிறோம், அப்போ மூணு நாலு பன்னெண்டு, அதோட ஆறு, ஸ்டாக் 18 டின்னைத் தொட்ட அன்னிக்கே ஆர்டர் போயிடணும். இதுக்கு முதலாளி வேண்டியதில்ல, ஸ்டோர்ல இருக்கிற பொண்ணு போதும், கம்ப்யூட்டரே கூட ஆர்டரைத் தயார் பண்ணி வச்சிடும்.

நடுவுல இருக்கிறவரு மேனேஜர். அவருக்கு ஒவ்வொரு பில்லும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை எந்தக் கிளை எதிர்பார்த்ததைவிடக் குறைஞ்சிருக்கு, எந்தச் சரக்கு விக்காம திரும்பி வந்திருக்கு, எண்ணெய்ச் செலவு கிலோவுக்கு ஏன் ஏறியிருக்கு, இப்படித் திட்டத்தையும் நடப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டணும். அதே பில்லுங்கதான், ஆனா கூட்டிச் சுருக்கி ஒப்பிட்டு வந்திருக்கு. குறுகலான அர்த்தத்துல எம்ஐஎஸ்னு (மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ங்கிறதோட சுருக்கம்) சொல்றது இந்த நடு அடுக்கைத்தான்.

உச்சியில முதலாளிக்கு வர்ற கேள்வியே வேற. சென்னையில கடை போடலாமா, பெரிய பொண்ணு கைக்குத் தொழிலைக் கொடுக்கலாமா, பாக்கெட்ல அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பலாமான்னு. இதுக்கு உள்ள இருக்கிற பில்லு கொஞ்சம்தான் உதவும், வாடகை என்ன, அங்க யாரு என்ன விலைக்கு விக்கிறா, அடுத்த அஞ்சு வருஷத்துல கடலை எண்ணெய் என்ன ஆகும்னு வெளியில இருந்து தகவல் வரணும். அது துல்லியமாவும் இருக்காது. கீழ மட்டத்துல ஒரு ரூபா வித்தியாசம் வந்தா தப்பு, மேல பத்து சதவீதம் முன்ன பின்ன இருந்தாலும் முடிவு எடுத்தாகணும். மேல போகப் போக விவரம் குறையும், காலம் நீளும், வெளித் தகவலோட பங்கு ஏறும். பரீட்சையில இதை எழுது, படத்தை விட இதுக்குத்தான் மார்க் கொடுக்கணும்னு நான் சொல்வேன்.

இந்த மூணு அடுக்கை 1965-ல ஹார்வர்டுல இருந்த ராபர்ட் ஆண்டனி பிரிச்சுக் காட்டினாரு. அதுக்கு முன்னாடியே ஹெர்பர்ட் சைமன், விதி போட்டு எடுக்கக்கூடிய முடிவு ஒரு வகை, ஒவ்வொரு தடவையும் புதுசா யோசிக்க வேண்டிய முடிவு இன்னொரு வகைன்னு பிரிச்சிருந்தாரு. 1971-ல எம்ஐடியில இருந்த கோரி, ஸ்காட் மார்ட்டன் ரெண்டு பேரும் இந்த ரெண்டையும் குறுக்கும் நெடுக்குமா ஒரே அட்டவணையில போட்டாங்க, முடிவு எடுக்கிறவருக்குக் கைகொடுக்கிற கம்ப்யூட்டர் அமைப்பு, அதாவது டிசிஷன் சப்போர்ட் சிஸ்டம்ங்கிற பேச்சு அங்க இருந்துதான் சூடு பிடிச்சுது. நீ படிக்கிற பாடத்தோட முதுகெலும்பே இந்த நாலு பேரு போட்டதுதான்.

கேள்வி: அண்ணே, ஆத்தங்குடியில தரைக்குப் பதிக்கிற கல் (டைல்ஸ்) பட்டறை வச்சிருக்கோம். போன வருஷம் ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டோம், நல்ல விலைதான். ரிப்போர்ட் ரிப்போர்ட்டா வருது, மெயில்லயும் வருது, போன்லயும் வருது. ஆனா நானும் பாக்குறதில்ல, தம்பியும் பாக்குறதில்ல. ஆர்டர் மட்டும் பழையபடி லேட்டாத்தான் போகுது. வாங்கினதே தப்போ?
– பட்டறைக்காரர், ஆத்தங்குடி

வாங்கினது தப்புன்னு சொல்ல மாட்டேன் தம்பி, எந்த இடத்துல இருந்து ஆரம்பிச்சீங்கங்கிறதுதான் பிரச்சினை. சாஃப்ட்வேர் விக்க வந்தவரு அதுல என்னென்ன ரிப்போர்ட் இருக்குன்னு காட்டியிருப்பாரு, நீங்களும் எல்லாம் இருக்கட்டும்னு சொல்லியிருப்பீங்க. இது உலகம் பூரா நடக்கிறது. ரஸ்ஸல் ஆக்காஃப்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1967-லயே இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதி ஒரு போடு போட்டாரு. மேனேஜர்கள் கஷ்டப்படுறது தகவல் பத்தாததால இல்ல, வேண்டாத தகவல் மலை மாதிரி குவியறதாலன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு, என்ன தகவல் வேணும்னு கேட்டா, எந்த முடிவை எப்படி எடுக்கிறோம்ங்கிறது தெளிவா இல்லாதவங்க எல்லாத்தையும் கொடுன்னுதான் கேப்பாங்கன்னு. அவரு சொன்னது இன்னிக்கும் அப்படியே நிக்குது.

அதனால ரிப்போர்ட்டை எல்லாம் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, ஒரு வாரத்துல நீங்களும் தம்பியும் என்னென்ன முடிவு எடுக்கிறீங்கன்னு மட்டும் ஒரு நோட்டுல எழுதுங்க. பெங்களூர்ல இருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் போன் பண்ணி 1,200 சதுரடி வேணும் எப்ப கிடைக்கும்னு கேக்குறாரு, தேதி சொல்லணும், அது ஒரு முடிவு. எத்தனை கல் ஊத்தணும்ங்கிறது ஒண்ணு. வெள்ளை சிமென்ட்டும் கலர் பவுடரும் எப்ப வாங்கணும்ங்கிறது ஒண்ணு. எந்தப் பூ டிசைனை இனிமே எடுத்துக்க வேண்டாம்ங்கிறது ஒண்ணு. பட்டியல் பெருசா வராது, ஆனா உங்க பட்டறை நிக்கிறதும் விழுறதும் இந்த நாலஞ்சு முடிவுலதான்.

இப்ப அந்தப் போன் காலையே எடுத்துக்குவோம். எட்டு இஞ்சு கல்லுன்னா ஒரு சதுரடிக்கு ரெண்டேகால் கல், 1,200 சதுரடிக்கு 2,700. கண்ணாடி மேல அச்சை வச்சு கலர் ஊத்தி, சிமென்ட்டும் மணலும் போட்டு, எடுத்து, தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு, காயவச்சு, பேக் பண்ற வரைக்கும் உடையுறது, மூலை போறது, கலர் கலங்குறது எல்லாம் இருக்கும். அந்த டிசைன்ல நூத்துக்கு எட்டு கழியுதுன்னு உங்க பழைய பதிவு சொல்லுதுன்னு வைங்க. 2,700-க்கு எட்டு சதவீதம் கூட்டி 2,916 ஊத்தினா பத்தாது, ஊத்துறதுல எட்டு கழிஞ்ச பிறகு 2,700 மிஞ்சணும்னா 2,935 ஊத்தணும். பத்தொன்பது கல்லுதானேன்னு விட்டுட முடியாது, ஏன்னா பின்னாடி தனியா ஊத்துற பத்தொன்பது கல்லு வேற கலவையில வரும், ஒரே நிழல்ல சேராது, கூடத்து நடுவுல பதிச்சா கண்ணை உறுத்தும், ஆர்க்கிடெக்ட் மறுபடி போன் பண்ணுவாரு.

அப்புறம் தேதி. ஆளுங்க ஒரு நாளைக்கு 400 கல் ஊத்துவாங்கன்னு கணக்குப் போட்டு ஏழெட்டு நாள்னு சொல்லிடுறோம். ஆனா தொட்டியில மொத்தமே 1,500 கல்லுதான் அடங்கும், ஒவ்வொண்ணும் அஞ்சு நாள் ஊறணும்னா ஒரு நாளைக்கு 300-க்கு மேல தொட்டி வாங்காது. அப்போ ஊத்தவே பத்து நாள், கடைசியா ஊத்தினது ஊற இன்னும் அஞ்சு நாள், அதுக்கு மேல காயவைக்கிறது, அடுக்குறது. நான் போட்ட நம்பர் உதாரணத்துக்குத்தான், உங்க தொட்டி அளவை நீங்க போட்டுக்கங்க. உங்க சாஃப்ட்வேர்ல விற்பனை இருக்கும், ஜிஎஸ்டி இருக்கும், சம்பளம் இருக்கும். இன்னிக்குத் தொட்டியில எத்தனை கல் கிடக்கு, எது எந்தத் தேதியில வெளியில வரும்ங்கிறது இருக்கான்னு பாருங்க. ஆர்டர் லேட்டாகுறதுக்குக் காரணம் அங்கதான் கிடக்குன்னு நான் நினைக்கிறேன்.

சாஃப்ட்வேர் கொடுத்தவங்களைக் கூப்பிட்டு, மத்ததை எல்லாம் நிறுத்திட்டு மூணே மூணு பக்கம் கேளுங்க. தொட்டி நிலவரம் தினமும் காலையில. டிசைன் வாரியா கழிவு வாரம் ஒரு தடவை. ஒத்துக்கிட்ட தேதி தாண்டிப் போற ஆர்டர் மட்டும் சிவப்புல, அதுவும் இருந்தா மட்டும் வரணும், இல்லாட்டி வரவே கூடாது. இந்தக் கடைசியை எக்ஸெப்‌ஷன் ரிப்போர்ட்னு சொல்லுவாங்க, எனக்குத் தெரிஞ்சு சின்னத் தொழிலுக்கு இதைவிடப் பிரயோஜனமான ரிப்போர்ட் கிடையாது.

கேள்வி: தம்பி, பள்ளத்தூர்ல வீட்டுல வச்சே பலகாரம் போட்டு விக்கிறோம், ஆறு பேரு வேலை பாக்குறாங்க. ஆடிட்டர் சொல்லி டாலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர் போட்டிருக்கோம். ஆனா தீபாவளிக்கு எதை எவ்வளவு போடுறதுன்னு ஒவ்வொரு வருஷமும் தவிப்புத்தான். அதிரசம் மிஞ்சுது, மனகோலம் பத்தாமப் போகுது. டாலியிலயே எல்லாம் இருக்குமே, அது போதாதா?
– ஆச்சி ஒருத்தர், பள்ளத்தூர்

டாலி நல்ல சாமான் ஆச்சி, அதை விட்டுடாதீங்க. ஆனா கணக்குப் புத்தகத்துல வித்ததுதான் ஏறும். கேட்டு வந்து இல்லைன்னு திரும்பிப் போனவங்க எந்தப் புத்தகத்துலயும் ஏற மாட்டாங்க. போன தீபாவளிக்கு மனகோலம் 80 கிலோ வித்துச்சுன்னு டாலி சொல்லுது, அதை நம்பி இந்த வருஷமும் 80, 90-ன்னு போடுறோம், ஆனா போன வருஷம் சரக்கு தீர்ந்ததே பண்டிகைக்கு நாலு நாள் முன்னாடி, அதுக்கப்புறம் போன் பண்ணினவங்க கேட்டது 40 கிலோ இருக்கலாம், அது எங்கயுமே இல்ல. அதனால போன் எடுக்கிற பொண்ணு கையில ஒரு நோட்டைக் கொடுத்து, இல்லைன்னு சொன்னது ஒவ்வொண்ணையும் சரக்கு, கிலோ, தேதின்னு எழுதச் சொல்லுங்க. வாட்ஸ்அப்ல வர்றதையும் அதுலயே. செலவில்லாத வேலை, ஆனா உங்க தவிப்புல பாதி இதுல தீரும்.

இதுல ஒரு பழைய கதை சொல்றேன், உங்களுக்குப் பிடிக்கும். உலகத்துலயே முதன்முதலா வியாபார வேலைக்குன்னு வழக்கமா ஓடின கம்ப்யூட்டரை வச்சிருந்தது பேங்க்கும் இல்ல, கவர்ன்மென்ட்டும் இல்ல. லண்டன்ல டீக்கடை நடத்தி கேக்கும் ரொட்டியும் வித்த லயன்ஸ்னு ஒரு கம்பெனி. லியோன்னு பேரு வச்சு அவங்களே சொந்தமா செஞ்சாங்க, 1951 நவம்பர்ல பேக்கரிக் கணக்குப் போட ஆரம்பிச்சுது. ஒவ்வொரு ரொட்டிக்கும் கேக்குக்கும் அடக்கம் என்ன, மிச்சம் என்னன்னு பாக்குற வேலை. சில வருஷத்துல டீக்கடைகளுக்கு மறுநாள் சரக்கு அனுப்புற வேலையையும் அதுல ஏத்தினாங்க. ஒவ்வொரு கடைக்கும் கிழமைக்கு ஒரு வழக்கமான ஆர்டர் பதிஞ்சிருக்கும், கடையைப் பாத்துக்கிற அம்மா சாயங்காலம் போன்ல மாத்தம் இருந்தா அதை மட்டும் சொன்னாப் போதும், மத்தது தானா போயிடும். எழுபது வருஷம் முந்தி! முழுப் பட்டியலையும் தினமும் எழுத வைக்காம வித்தியாசத்தை மட்டும் கேட்டாங்க பாருங்க, அந்த யோசனையைத்தான் நான் ரொம்ப மதிக்கிறேன். உங்களுக்கு வாடிக்கையா வாங்குற கடைங்க இருக்குமே, அவங்ககிட்ட நீங்க இதையே செய்யலாம்.

அதிரசம் மிஞ்சுறதுக்கு இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்க ஆச்சி. பண்டிகை நேரத்துல உங்களுக்குத் தட்டுப்பாடு மாவா, எண்ணெயா, ஆளா, இல்ல அடுப்பா? பெரும்பாலும் அடுப்பும் கை தேர்ந்த ஆளும்தான். அப்போ கிலோவுக்கு எவ்வளவு லாபம்னு பாக்குறதைவிட ஒரு மணி நேர அடுப்புக்கு எவ்வளவு மிஞ்சுதுன்னு பாக்கணும். கிலோவுக்கு 100 ரூபா மிஞ்சுற சரக்கு மணிக்கு 3 கிலோதான் போட முடியும்னா 300, கிலோவுக்கு 60 மிஞ்சுறது மணிக்கு 7 கிலோ வரும்னா 420. எதுக்கு அடுப்பைக் கொடுக்கணும்னு அங்கயே தெரிஞ்சு போயிடும். இது டாலியில தானா வராது, நீங்க ஒரு நாள் கடிகாரத்தை வச்சுப் பாத்து எழுதணும். சீர் பலகாரம் மட்டும் இந்தக் கணக்குல சேராது, பொண்ணு வீட்டுக்கு வாக்குக் கொடுத்தது எந்த லாபக் கணக்குக்கும் மேல.

கேள்வி: எங்க ஐயா ரங்கூன்ல ஒரு வட்டிக்கடையில மேலாளா இருந்தவர். வீட்டுப் பரண்ல அவர் காலத்துப் பேரேடு, ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எல்லாம் இருக்கு. என் பேரன் மேனேஜ்மென்ட் படிச்சுட்டு எம்ஐஎஸ் எல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுன்னு சொல்றான். நம்ம ஆளுங்ககிட்ட அது இல்லாமலா இத்தனை கடல் தாண்டிக் கடை நடத்தினாங்க?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

ஐயா, உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். பேரன் சொல்றதும் ஒரு வகையில சரி, அந்தப் பேரும் கம்ப்யூட்டர் சேர்ந்த அமைப்பும் 1950, 60-கள்ல மேல்நாட்டுல வந்ததுதான். ஆனா அதுக்குள்ள இருக்கிற வேலை, அதாவது தூரத்துல நடக்கிறதைப் பதிஞ்சு, சுருக்கி, முடிவு எடுக்க வேண்டியவர் கையில நேரத்துக்குச் சேர்க்கிறது, அது நம்ம ஊர்ல முழுசா இருந்துச்சு.

பர்மா, மலாயா, இலங்கை, சைகோன்னு கடை இருக்கும், முதலாளி கானாடுகாத்தான்லயோ தேவகோட்டையிலயோ இருப்பாரு. கடையில பெட்டியடிப் பையன் முதற்கொண்டு அடுத்தாள், மேலாள் வரைக்கும் படிப்படியா ஆளுங்க. அன்னன்னிக்கு வரவு செலவு குறிப்புல ஏறும், அதுல இருந்து ஆள் வாரியா பேரேட்டுக்குப் போகும், பேரேட்டுல இருந்து ஐந்தொகை எடுத்து ஊருக்கு வரும். நான் மேல அந்தப் பொண்ணுக்குச் சொன்ன மூணு அடுக்கு அப்படியே இருக்கு பாருங்க. முதலாளி ஒவ்வொரு கடன்காரன் பேரையும் படிக்க வேண்டியதில்ல, ஐந்தொகையைப் பாத்தாலே பணம் எங்க முடங்கிக் கிடக்கு, எந்தக் கடைக்கு இன்னும் போடலாம்னு தெரிஞ்சிடும். மேலாளுக்குப் பொதுவா மூணு வருஷத் தவணை, சம்பளத்தோட லாபத்துல ஒரு பங்கு, தவணை முடிஞ்சா கணக்கை ஒப்படைச்சுட்டு ஊர் திரும்பணும். புதுசா வர்ற ஆள் கணக்கைக் கையில வாங்குறப்பவே பழைய ஆள் கணக்கு சோதனைக்கு வந்துடுது. கட்டுப்பாடுன்னு தனியா ஒரு டிபார்ட்மென்ட் வேண்டியிருக்கல, அமைப்புக்குள்ளயே இருந்துச்சு.

வெளித் தகவலுக்கும் வழி வச்சிருந்தாங்க. ரங்கூன் மொகல் தெருவுல இருந்த கோயில்ல மாசா மாசம் எல்லாக் கடைக்காரங்களும் கூடி நடப்பு வட்டியை முடிவு பண்ணினாங்க. சந்தையில பணம் எப்படி இருக்குங்கிற சேதி அங்கயே எல்லாருக்கும் கிடைச்சுடும், வட்டியும் ஒண்ணாப் போயிடும். சாமி சன்னிதியில உக்காந்து பண்ணினதால வாக்குக்கும் ஒரு கனம் இருந்துச்சு.

இவ்வளவு நல்ல அமைப்பு இருந்தும் 1930-க்கு அப்புறம் என்ன ஆச்சுங்கிறதையும் பேரனுக்குச் சொல்லுங்க, ஏன்னா படிக்க வேண்டியது அதுலதான் அதிகம். உலகப் பொருளாதார மந்தத்துல அரிசி விலை பாதிக்கும் கீழ விழுந்துச்சு. கடன் வாங்கின பர்மா விவசாயியால கட்ட முடியல, ஈடு வச்ச நிலம் கைக்கு வந்துச்சு. கீழ்ப் பர்மாவுல நெல் விளையுற முக்கியமான மாவட்டங்கள்ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் 1930-ல சுமார் 6 சதவீதம், 1937-ல அது சுமார் 25 சதவீதம். பேரேட்டுல அது சொத்துன்னு ஏறுது, ஆனா அந்த விலைக்கு வாங்க ஆள் கிடையாது, நிலத்தை இழந்தவங்க மனசுல கோபமும் ஏறிக்கிட்டே போச்சு. நிலம் எங்களுக்கு வேண்டாம், பணம்தான் வேணும்னு நம்ம ஆளுங்களே சொன்னாங்க. கணக்கு ஒரு பைசா பிசகாம இருந்துச்சு, ஆனா உலகச் சந்தையில அரிசிக்கு என்ன ஆகப்போகுது, அந்த நாட்டு அரசியல் எந்தப் பக்கம் திரும்புதுங்கிறதுக்கு ஐந்தொகையில பத்தி கிடையாது. இன்னிக்கு இருக்கிற பெரிய பெரிய சிஸ்டத்துலயும் இந்த ஓட்டை அப்படியேதான் இருக்கு. உள்ளே நடந்தது விரல் நுனியில இருக்கும், வெளியில வர்றது தெரியாது.

அப்புறம் ஒரு வேண்டுகோள் ஐயா. அந்தப் பரண்ல இருக்கிற ஏடுகளை எடைக்குப் போட்டுடாதீங்க. பூச்சி அரிக்காம எடுத்து, ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து வையுங்க, அந்தத் தமிழ் எண்ணையும் கணக்குக் குறியையும் படிக்கத் தெரிஞ்சவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க, உங்களுக்குத் தெரியும்னா பேரனைப் பக்கத்துல உக்கார வச்சு ஒரு பக்கமாவது படிச்சுக் காட்டுங்க.

கேள்வி: ஈஆர்பி (கடையோட எல்லா வேலையையும் ஒண்ணாச் சேர்த்துப் பாக்குற சாஃப்ட்வேர்) வாங்கணுமா, எக்ஸெல் போதுமா? ஒரே வரியில சொல்லுங்க சார்.
– கண்டாங்கிச் சேலை வியாபாரி, காரைக்குடி

ஒரு ஆள் மட்டும் எழுதி, ஒரு ஆள் மட்டும் பாக்குற வரைக்கும் எக்ஸெல் போதும், ரெண்டாவது ஆள் அதே ஃபைலைக் காப்பி எடுத்துத் திருத்த ஆரம்பிச்ச அன்னிக்கே எல்லாரும் ஒரே இடத்துல பதியுற டேட்டாபேஸ் வச்ச ஏதாவது ஒண்ணுக்கு மாறிடுங்க. ஒரே வரின்னு கேட்டீங்க, ஆனா இதை மட்டும் சேர்த்துச் சொல்லிடுறேன். 2020-ல இங்கிலாந்து பொதுச் சுகாதாரத் துறை கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸெல் வடிவத்துல ஏத்தினாங்க, அதுல 65,536 வரிசைக்கு மேல பிடிக்காது, மீதி சத்தமில்லாம விட்டுப்போச்சு. 15,841 பேரோட முடிவு நேரத்துக்குக் கணக்குல வரல, அவங்களோட பழகினவங்களைத் தேடிப் பிடிக்கிற வேலையும் தாமதமாச்சு. உங்க கடைக்கு அத்தனை வரிசை வரப்போறதில்லதான், ஆனா கூட்டல் பார்முலா கடைசி நாலு வரியை விட்டுட்டுக் கூட்டியிருக்கிறதை நான் எத்தனையோ கடையில பாத்திருக்கேன்.

கேள்வி: எங்க மில்லுல எல்லாம் கம்ப்யூட்டர்ல போடச் சொல்லியும் ஆளுங்க வாரக் கடைசியில மொத்தமா உக்காந்து ஏத்துறாங்க, அதுவும் குத்துமதிப்பா. எப்படிக் கேட்டாலும் கேக்க மாட்டேங்கிறாங்க. என்ன பண்ண?
– அரிசி மில் சூப்பர்வைசர், திருப்பத்தூர் பக்கம்

அவங்க மேல கோபப்படாதீங்க. ஏத்துற ஆளுக்கு அதனால என்ன கிடைக்குதுன்னு பாருங்க. நெல் எத்தனை மூட்டை வந்துச்சு, ஈரம் எவ்வளவு, அரிசி எவ்வளவு தேறிச்சு, தவிடு எவ்வளவுன்னு அவரு எழுதுறாரு, அது மேல போகுது, திரும்பி வர்றது திட்டு மட்டும்தான். அப்படியிருந்தா யாரு ஒழுங்கா எழுதுவா? அதே ஆளுக்கு மறுநாள் காலையில நேத்து அவரு ஷிப்ட்ல தேறின சதவீதம், எந்த வண்டி நெல்லுல நொய் அதிகமாச்சுங்கிறது ஒரு பலகையில தெரியட்டும், இந்த ஈரத்துக்கு இன்னும் காயவைக்கணும்னு அவரே சொல்ல ஆரம்பிப்பாரு. ஒரு தகவலை யாரு எழுதுறாரோ அவருக்கு அது முதல்ல பயன்படணும், அப்பத்தான் மேல இருக்கிறவருக்கு நம்பிப் படிக்க முடியும். எடை மேடையில நிக்கிறப்பவே பதிய வையுங்க, சனிக்கிழமை ஞாபகத்துல இருந்து எழுதுறதை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. கேக்குற கட்டத்தையும் குறைங்க, இருபது கட்டம் கேட்டா இருபதும் பொய்யாத்தான் வரும்.

கேள்வி: கானாடுகாத்தான்ல பழைய வீட்டைத் தங்குற ஹோட்டலாக்கி நடத்துறோம். புக்கிங் சாஃப்ட்வேர் அதுவா ரூம் வாடகையை ஏத்துது இறக்குது, டாஷ்போர்டுல அது சொல்ற ரேட்டைத்தான் போடணும்னு மேனேஜர் சொல்றாரு. போன வாரம் ரொம்ப வருஷமா வர்ற ஒரு குடும்பத்துக்கு ரெட்டிப்பு ரேட் காட்டிடுச்சு. கம்ப்யூட்டர் சொல்றதையே முடிவா எடுத்துக்கலாமா அண்ணே?
– கானாடுகாத்தான் வாசகி

எந்த முடிவைங்கிறதைப் பொறுத்தும்மா. நாளைக்கு ரெண்டு ரூம் காலி, போன மூணு வருஷ டிசம்பர்ல எத்தனை நாள் முன்னாடி ரூம் நிறைஞ்சுதுங்கிறதை வச்சு இன்னிக்கு இந்த ரேட்னு அது சொன்னா அதைக் கேளுங்க, அவ்வளவு எண்ணிக்கையை நம்ம மனசுல வச்சுக் கணக்குப் பண்ண முடியாது. மேல நான் சொன்ன ஹெர்பர்ட் சைமன் இதைத்தான் வாழ்க்கை பூரா ஆராய்ஞ்சாரு, மனுஷனால எல்லா வழியையும் எடைபோட்டுப் பாக்க முடியாது, போதும்னு தோணுற இடத்துல நின்னு முடிவு எடுக்கிறான்னு காட்டினாரு, 1978-ல பொருளாதார நோபல் பரிசும் வாங்கினாரு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சிஸ்டம்.

ஆனா அந்தக் குடும்பம் யாரு, அவங்க சொல்லி எத்தனை பேரு உங்க வீட்டைத் தேடி வந்தாங்கங்கிறது அந்த சாஃப்ட்வேர்ல எங்கயாவது பதிஞ்சிருக்கா? இல்லாத தகவலை அது எப்படி எடை போடும். அதனால ரெண்டு வேலை செய்யுங்க. வாடிக்கையா வர்றவங்களுக்குன்னு ஒரு அடையாளம் போட்டு, அவங்களுக்கு இந்த ரேட்டுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு உச்சவரம்பை அதுலயே வச்சிடுங்க, எந்த நல்ல சாஃப்ட்வேர்லயும் இதுக்கு வழி இருக்கும், விதி போடக்கூடியதை விதியாவே போட்டுடலாம். இன்னொண்ணு, மேனேஜர் அந்த ரேட்டை மாத்துறப்ப எல்லாம் ஏன் மாத்தினாருன்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. மூணு நாலு மாசம் கழிச்சு அந்த வரிகளைச் சேர்த்துப் படிச்சீங்கன்னா, எங்க கம்ப்யூட்டர் சரி, எங்க மேனேஜர் சரின்னு உங்களுக்கே தெரியும், அதுக்கேத்த மாதிரி யாருக்கு எவ்வளவு விடணும்னு வச்சுக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு இப்பவே ஒரு போன் போட்டுப் பழைய ரேட்டைச் சொல்லிடுங்க, அதுக்கு எந்த ரிப்போர்ட்டும் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.